டாக்டர் டாங் துய் ட்ராமின் போர்க்கால நாட்குறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாம் போரில் உயிரிழந்த ஓர் இளம் பெண் மருத்துவரின் நாட்குறிப்பு, அவரைக் கொன்ற படையைச் சேர்ந்த ஒருவராலேயே காப்பாற்றப்பட்டு, 35 ஆண்டுகள் கழித்துத் தாயின் கைக்கு வந்து, பிறகு குடும்பத்தாரால் உலகத்தின் முன் வைக்கப்பட்டது. இந்த நாட்குறிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் வழக்கமாக எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. அந்த ஏடுகள் பிழைத்த கதை திரைப்படம் போல இருப்பதால் பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ஏடுகளுக்குள் என்ன இருக்கிறது, அதை வெளியிடுவது என்று குடும்பம் எடுத்த முடிவு எத்தகையது என்பவையும் அதே அளவு கவனத்துக்கு உரியவை என்பது இதை எழுதுபவரின் கருத்து.

டாங் துய் ட்ராம் யார்?

1942 நவம்பர் 26 அன்று மத்திய வியட்நாமின் பழைய தலைநகரான ஹூவேயில் பிறந்து ஹனோயில் வளர்ந்தவர். தந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர். தாய் டோன் ங்கோக் ட்ராம், ஹனோய் மருந்தியல் கல்லூரியில் மூலிகைகளைப் பற்றிக் கற்பித்த பேராசிரியை. ஐந்து பிள்ளைகளில் துய் ட்ராமே மூத்தவர். புத்தகமும் இசையும் புழங்கிய படித்த வீடு அது. பின்னாளில் அவருக்குப் பெருமையையும், கம்யூனிஸ்ட் கட்சிக்குள் சில சங்கடங்களையும் ஒருங்கே தந்த பின்னணியும் அதுவே.

ஹனோய் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கண் மருத்துவத்தைச் சிறப்புப் பாடமாகப் படித்து 1966இல் பட்டம் பெற்றார். வடவியட்நாமின் தலைநகரான ஹனோயிலேயே பணியாற்றியிருக்க முடியும் என்றபோதும், தெற்கே போர்முனைக்குச் செல்ல விரும்பி முன்வந்தார். அந்த ஆண்டின் இறுதியில் புறப்பட்டு, ஹோ சி மின் தடம் என்று அறியப்பட்ட காட்டு வழியே சுமார் மூன்று மாதங்கள் நடந்து, 1967 மார்ச்சில் குவாங் ங்காய் மாகாணத்தை அடைந்தார். அங்கே டுக் ஃபோ மாவட்டத்தின் மருத்துவ நிலையத்துக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 24.

நாட்குறிப்பு எந்தக் காலத்தைச் சேர்ந்தது?

கிடைத்திருக்கும் ஏடுகள் இரண்டு. முதல் பதிவு 1968 ஏப்ரல் 8ஆம் நாளுக்குரியது. கடைசிப் பதிவு 1970 ஜூன் 20ஆம் நாளுக்குரியது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜூன் 22 அன்று, காட்டுப் பாதையில் அமெரிக்கத் துருப்புகளால் சுடப்பட்டு அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 27.

அந்த இடத்தையும் காலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் பதிவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, 1968 மார்ச் 16 அன்று, இதே குவாங் ங்காய் மாகாணத்தில்தான், அமெரிக்கப் படையினர் கிராம மக்களைக் கொன்று குவித்த மை லாய் படுகொலை நடந்தது. அதைச் செய்த படைப்பிரிவு பதினோராவது காலாட்படைப் பிரிகேடைச் சேர்ந்தது. அந்தப் பிரிகேடின் தளம் டுக் ஃபோவிலேயே இருந்தது. துய் ட்ராமின் நோயாளிகள் எந்தப் படையிடமிருந்து ஒளிந்து வாழ்ந்தார்களோ அதே படை அது. இதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், பக்கத்துக்குப் பக்கம் வரும் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய தேவை இராது.

மருத்துவராக அவர் எந்த நிலைமையில் வேலை செய்தார்?

முதல் பதிவே இதற்கு விடை சொல்லிவிடுகிறது. போர்வீரர் ஒருவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை. போதுமான மயக்கமருந்து இல்லை; கையிலிருந்தவை நோவோகெயின் குப்பிகள் சில மட்டுமே. அந்த இளைஞர் ஒரு முறைகூட முனகாமல் படுத்திருந்தார் என்றும், மருத்துவருக்குத் தைரியம் சொல்வது போல இடையில் புன்னகை செய்தார் என்றும் அவர் எழுதுகிறார். குடல்வால் வெடித்திருக்கவில்லை, ஆனால் வயிற்றுக்குள் சீழ்த்தொற்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ஒரு மணி நேரம் தேடியும் கண்டுபிடிக்க முடியாமல், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்து, குழாய் வைத்து, வயிற்றைத் தைத்து மூடினார். மருத்துவராகத் தம்மால் நோயின் மூலத்தைக் காண முடியவில்லையே என்ற வேதனையே அந்தப் பதிவில் மேலோங்கி நிற்கிறது. வெற்றிக் கதையோடு ஏடு தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கண் மருத்துவம் படித்தவர், அங்கே வெடியில் சிதைந்த கால்களைத் துண்டித்தார். வயிற்றுக் காயங்களைத் திறந்தார். இவற்றுக்கிடையே உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் மருத்துவ உதவியாளர் பயிற்சி வகுப்புகளும் எடுத்தார். மருத்துவ நிலையம் என்பது மூங்கிலும் ஓலையும் கொண்டு காட்டுக்குள் எழுப்பிய குடிசைகள்தான். எதிரி நெருங்குகிறான் என்ற செய்தி வந்தால், எழுந்து நடக்க முடியாத காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு இன்னோர் இடத்துக்கு ஓட வேண்டும். அங்கே மீண்டும் மரம் வெட்டி, குடிசை கட்டி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். சமவெளிக் கிராமங்களுக்கு இறங்கிச் சென்று நோயாளிகளைப் பார்க்கும்போது, தேடுதல் நடக்கும் மணிக்கணக்கான நேரம் நிலத்தடிப் பதுங்குகுழிக்குள், சில வேளைகளில் தண்ணீரில் நின்றபடியே, அவர் காத்திருந்திருக்கிறார்.

1969 ஜூலையில் எழுதப்பட்ட ஒரு பதிவு பலரால் மறக்க முடியாதது. பாஸ்பரஸ் குண்டில் எரிந்த இருபது வயது இளைஞர் ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். குண்டு விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் அவர் உடலிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. துய் ட்ராமுக்கு முன்பே பழக்கமான இளைஞர் அவர். ஆனால் முகம் அடையாளம் தெரியாதபடி மாறியிருந்தது. பாஸ்பரஸ் காற்றுப்பட்டாலே எரிவது. சதைக்குள் புதைந்த துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுக்கும்வரை நெருப்பு அடங்காது. அதற்கான வசதி அந்தக் காட்டில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏடுகளில் மருத்துவக் குறிப்புகள்தான் இருக்கின்றனவா?

இல்லை. மருத்துவக் குறிப்பை எதிர்பார்த்துத் திறப்பவர்கள் ஏமாற்றம் அடையக்கூடும். சிகிச்சை விவரங்கள் இடையிடையே வருகின்றனவே தவிர, மிகுதியும் மனத்தின் கணக்குகளே. வீட்டு ஏக்கம், தம்பிகளாக ஏற்றுக்கொண்ட இளம் போராளிகள்மீது வைத்த பாசம், அவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் இறந்துபோகும் செய்தி, தன்னைத் தானே 'துய்' என்று பெயர் சொல்லி அழைத்துக் கடிந்துகொள்ளும் பகுதிகள். 'எம்' என்ற ஒற்றை எழுத்தால் மட்டும் குறிக்கப்படும் ஒருவர் அடிக்கடி வருகிறார். தமக்குச் சில ஆண்டுகள் முன்பே தெற்கே வந்துவிட்ட ஒரு போர்வீரர். பள்ளிக் காலத்திலிருந்து அவர்மீது துய் ட்ராம் வைத்திருந்த காதல், அதே மாகாணத்துக்கு வந்துசேர்ந்த பிறகும் கைகூடவில்லை. அந்தக் காயத்தை அவர் மறைக்கவில்லை. அதே சமயம் அதற்காக இரங்கும்படி எவரையும் கேட்கவும் இல்லை.

கட்சியைப் பற்றிக் குறைசொல்லி எழுதியிருக்கிறார் என்பது உண்மையா?

உண்மை. கட்சி உறுப்பினராகச் சேர வேண்டும் என்ற ஆவல் அவருக்கு மிகுதியாக இருந்தது. படித்த குடும்பத்துப் பெண், நடுத்தர வர்க்கச் சுபாவம் கொண்டவர் என்ற முத்திரையால் அந்தச் சேர்க்கை தள்ளிப்போனது. கடைசியில் 1968 செப்டம்பர் 27 அன்றுதான் அது நடந்தது. அதற்கு முன்னும் பின்னும், சக ஊழியர்களின் பொறாமை, பொறுப்பில் இருப்பவர்களின் குறுகிய மனம், தம் நேர்மை சந்தேகிக்கப்படுவது ஆகியவற்றைப் பற்றிக் கசப்போடு எழுதுகிறார். ஆனால் அந்தக் கசப்பு கொள்கையைத் தொடுவதில்லை. போராட்டத்தின் நியாயத்தில் அவருக்குக் கடைசிவரை ஐயமே எழவில்லை. கட்சியை வெறுத்த மனச்சாட்சி என்றோ, குறையே காணாத தொண்டர் என்றோ அவரைக் காட்ட விரும்பும் இரு தரப்புக்கும் இந்த ஏடுகள் ஒத்துழைப்பதில்லை.

நாட்குறிப்பு அமெரிக்கரின் கைக்கு எப்படிப் போனது?

ஃபிரெட் வைட்ஹர்ஸ்ட் என்ற இளைஞர் டுக் ஃபோவில் அமெரிக்க இராணுவத்தின் உளவுப் பிரிவில் பணியாற்றினார். போர்க்களத்திலிருந்து கைப்பற்றி வரும் ஆவணங்களைப் பிரித்து, இராணுவத்துக்குப் பயன்படாதவற்றை ஒரு பீப்பாயில் எரியும் நெருப்பில் போடுவது அவர் வேலையின் ஒரு பகுதி. அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், அமெரிக்காவின் பக்கம் நின்று போரிட்ட தென்வியட்நாம் இராணுவத்தைச் சேர்ந்த சார்ஜென்ட் நுயென் ட்ருங் ஹியூ. சிறிய ஏடு ஒன்றை வைட்ஹர்ஸ்ட் நெருப்பில் போடப்போன நேரத்தில், அதைப் படித்துக்கொண்டிருந்த ஹியூ அவரைத் தடுத்தார். "இதை எரிக்காதே, ஃபிரெட், இதற்குள் ஏற்கெனவே நெருப்பு இருக்கிறது" என்று அவர் சொன்னதாக வைட்ஹர்ஸ்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். பிறகு இரவுகளில் ஹியூ அந்த ஏட்டை வாய்மொழியாக மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினார். இன்னோர் ஏடும் பின்னர் வைட்ஹர்ஸ்டிடம் வந்து சேர்ந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கரையே முன்னிறுத்துகிறார்கள். முதலில் கை நீட்டித் தடுத்தவரோ, துய் ட்ராம் 'பொம்மை அரசின் கூலிப்படை' என்று கருதிய படையைச் சேர்ந்த வியட்நாமியர். ஹியூ அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வைட்ஹர்ஸ்டிடம் காப்பாற்றுவதற்கு எதுவும் இருந்திருக்காது. புகழ் பகிரப்படும்போது அவருக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறியது என்றே சொல்ல வேண்டும்.

35 ஆண்டுகள் வைட்ஹர்ஸ்ட் ஏன் அதை வெளியே சொல்லவில்லை?

கைப்பற்றிய ஆவணத்தைத் தன்னோடு எடுத்துச் செல்வது விதிமீறல். 1972இல் நாடு திரும்பியபோது வைட்ஹர்ஸ்ட் அதைத்தான் செய்தார். பின்னர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அந்தப் பணியில் இருந்துகொண்டு, கம்யூனிஸ்ட் அரசு ஆளும் நாட்டில் ஒரு குடும்பத்தைத் தேடுவது எளிதல்ல. 1990களில் அதே ஆய்வகத்தில் நடந்த முறைகேடுகளை வெளிப்படுத்தி, நீண்ட சட்டப் போராட்டத்துக்கு உள்ளானார்.

அவருடைய சகோதரர் ராபர்ட்டும் வியட்நாமில் போரிட்டவர். வியட்நாமியப் பெண்ணை மணந்தவர். அவர் தமக்குத் தெரிந்த வியட்நாமிய மொழியைக் கொண்டு ஏடுகளை வரிவரியாக மொழிபெயர்க்கத் தொடங்கினார். நாளடைவில் அந்த வேலை அவரை முழுமையாகப் பற்றிக்கொண்டது. இறந்தவரின் குடும்பம் எங்கோ இருக்கிறது, இது அவர்களுக்குச் சொந்தமானது என்ற எண்ணம் சகோதரர்கள் இருவரையும் விடவில்லை.

குடும்பம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது?

2005 மார்ச்சில், டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் உள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வியட்நாம் ஆவணக் காப்பகத்திடம் சகோதரர்கள் ஏடுகளை ஒப்படைத்தார்கள். அங்கே நடந்த கருத்தரங்குக்கு வந்திருந்த டெட் எங்கெல்மன் என்ற ஒளிப்படக் கலைஞர், அவரும் முன்னாள் போர்வீரர், அடுத்த மாதம் ஹனோய் செல்லவிருந்தார். ஏடுகளின் படிகள் அடங்கிய குறுந்தகடு அவரிடம் கொடுத்தனுப்பப்பட்டது. ஹனோயில் இருந்த, குவேக்கர் என்ற கிறித்தவ சமயப் பிரிவினரின் தொண்டு அலுவலகம் ஒன்றின் உதவியோடு, தாயும் சகோதரிகளும் வாழ்ந்த வீடு சில நாட்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் மனத்தில் சுமந்த தேடல் இவ்வளவு விரைவில் முடிந்ததற்குக் காரணம், ஏட்டிலேயே தந்தையின் பெயரும் தாயின் பணியிடமும் காணப்பட்டதுதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபிரெட் வைட்ஹர்ஸ்ட் ஹனோய் சென்று குடும்பத்தைச் சந்தித்தார். தாய் அவரை மகன்போல ஏற்றுக்கொண்டார். அக்டோபரில் தாயும் சகோதரிகளும் லப்பக் சென்று மூல ஏடுகளைக் கையில் தொட்டுப் பார்த்தார்கள்.

அந்தரங்கமான ஒரு நாட்குறிப்பைக் குடும்பம் அச்சிட்டது சரியா?

இந்தப் பக்கத்தில் மிகக் கடினமான கேள்வி இதுவே. எழுதியவரிடம் அனுமதி கேட்க வழியில்லை. காதல் தோல்வியும், சக ஊழியர்கள்மீதான மனக்குறையும், எவரிடமும் சொல்லாத தளர்ச்சியும் அடங்கிய எழுத்து அது. இளைய சகோதரியான டாங் கிம் ட்ராம் கையெழுத்துப் படியைத் தட்டெழுத்தாக்கிப் பதிப்புக்குத் தயார்செய்தார். குடும்பத்துக்குத் தெரிந்த ஆட்களையும் நிகழ்வுகளையும் பற்றிய குறிப்புகளும் சேர்க்கப்பட்டன. 2005 ஜூலையில் வியட்நாம் எழுத்தாளர் சங்கத்தின் பதிப்பகம் அதை நூலாக வெளியிட்டது.

சரியென்று கருதுவதற்குக் காரணங்கள் உண்டு. அமைதிக் காலத்தில் நல்வாழ்வு காணப்போகிறவர்கள், பொதுக் காரியத்துக்காக இரத்தம் சிந்தியவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் வரிகளை அவரே எழுதியிருக்கிறார். அவை ஏட்டுக்கு வெளியே இருக்கும் யாரையோ நோக்கியவை. இரண்டாவது காரணம் இதைவிட வலுவானது. நாட்குறிப்பில் பெயர் வரும் பலர் அதே போரில் இறந்தவர்கள். அவர்களில் சிலருடைய கடைசி நாட்களைப் பற்றி இந்த ஏடுகளைவிட நெருங்கிய சாட்சியம் அவர்களுடைய பெற்றோருக்குக் கிடைத்திருக்காது. மகளின் ஏடு தங்களுக்கு மட்டும் உரியதன்று என்று அந்தத் தாய் எண்ணியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. இறந்தவரின் அந்தரங்கம் என்ற மறுதரப்பு வாதத்துக்கும் எடை உண்டு என்பதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது அரசுப் பிரசாரத்துக்காகத் திருத்தி எழுதப்பட்டதாக இருக்க முடியாதா?

1970 முதல் 2005 வரை ஏடுகள் அமெரிக்கரின் கைவசமே இருந்தன. அச்சு நூல் வெளிவருவதற்கு முன்பே மூலம் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் பக்கங்களின் படிகளைக் காப்பகம் இணையத்திலும் வைத்திருக்கிறது. வியட்நாமிய மொழி தெரிந்த எவரும் அச்சு நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னாளில் அரசு அவரைத் தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டது வேறு விஷயம்: 2006இல் மக்கள் ஆயுதப்படையின் வீரர் என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது; டுக் ஃபோவில் அவர் பெயரில் மருத்துவமனை எழுப்பப்பட்டது. சிலைகள் எழும்பும் இடத்தில் மனிதர் மங்குவது இயல்பு. ஏட்டைப் படிப்பவர்கள் அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் படிப்பது நல்லது.

அமெரிக்கர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதை அமெரிக்க வாசகர்கள் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

கொள்ளையர்கள், இரத்தவெறி பிடித்தவர்கள், பேய்கள் என்பன போன்ற சொற்கள் ஏடு முழுக்க உண்டு. வெறுப்பை அவர் கடமையாகவே கருதினார். ஆனால் அந்த வரிகளை எங்கே எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும்: பெரும்பாலும் ஒரு நோயாளி கைவிட்டுப்போன இரவில், அல்லது தம்பியாக நினைத்த ஒருவர் புதைக்கப்பட்ட நாளில். 2007இல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பிலும் இந்தச் சொற்கள் மழுங்கடிக்கப்படாமல் வந்தன. அதில் இடம்பெறும் 'எதிரி'யாக இருந்த ஒருவரே அதைப் பாதுகாத்தார், இன்னொருவரே மொழிபெயர்க்கத் தொடங்கினார் என்பது, வாசகர்கள் புண்படுவார்களோ என்று அஞ்சியவர்களுக்குப் போதிய விடையாக அமைந்தது.

வியட்நாமில் இவ்வளவு பெரிய வரவேற்பு ஏன்?

நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. நாளிதழ்களிலும் தொடராக வந்தது. போர் முடிந்து அப்போது முப்பது ஆண்டுகள். மக்களில் பெரும்பாலோர் போருக்குப் பின் பிறந்தவர்கள். அதுவரை அவர்கள் பாடநூலில் சந்தித்த வீரர்கள் அழுததில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏங்கியதில்லை, மேலதிகாரியைக் குறைசொன்னதும் இல்லை. இவர் மூன்றையும் செய்தார், செய்துகொண்டே வேலையையும் பார்த்தார். 2009இல் டாங் நியட் மின் இதைத் திரைப்படமாக்கினார்.

கடைசிப் பதிவில் என்ன இருக்கிறது?

1970 ஜூன் தொடக்கத்தில் மருத்துவ நிலையம் குண்டுவீச்சுக்கு உள்ளாகி, காயம்பட்டிருந்தவர்களில் சிலர் இறந்தார்கள். மற்றவர்கள் வெளியேற, எழுந்து நடக்க முடியாத நோயாளிகளோடு துய் ட்ராமும் மிகச் சில பெண்களும் மட்டும் தங்கினார்கள். ஜூன் 20 அன்று, ஒரு வேளைக்கு மட்டுமே போதுமான அரிசி எஞ்சியிருக்கிறது, உதவிக்கு வருவதாக இருந்தவர்கள் வரவில்லை என்று எழுதுகிறார். தாம் இனிக் குழந்தையல்ல, துன்பங்களைச் சந்தித்துத் தேறியவர் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் இந்தக் கணத்தில் ஒரு தாயின் கையைத் தேடுவது ஏனோ என்று கேட்கிறார். 35 ஆண்டுகள் கழித்து அந்த வரியை முதன்முதலாகப் படித்த தாய்க்கு அப்போது வயது எண்பதை எட்டியிருந்தது.

மூல ஏடுகள் ஏன் இன்னும் அமெரிக்காவில் இருக்கின்றன?

குடும்பத்தின் சம்மதத்தோடு. தாளும் மையும் கெடாமல் பாதுகாக்கும் வசதி லப்பக் காப்பகத்தில் இருப்பதையும், எந்த நாட்டு ஆய்வாளரும் அங்கே அணுகலாம் என்பதையும் கருதி அவர்கள் இதற்கு இசைந்தார்கள். துய் ட்ராமின் உடலெச்சம் 1990இல் குடும்பத்தாரால் ஹனோய்க்குக் கொண்டுவரப்பட்டு, நகரின் புறத்தே உள்ள போர்வீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. ஏட்டைப் படித்துவிட்டு வரும் இளைஞர்கள் அங்கும் செல்கிறார்கள், டுக் ஃபோவுக்கும் செல்கிறார்கள். கையெழுத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் லப்பக் வரை போக வேண்டியதில்லை. காப்பகத்தின் இணையதளத்தில் உள்ள படிகளே போதும்.